வடக்கு வேலியடிச் சருகு

மேஸ்திரி மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். ஒற்றை விளக்குமாறோடு ஒரு கல்லூரிக்குள் நுழைந்தவர், இன்று பன்னிரண்டு தோட்டக்காரர்களை மேய்க்கிறார் என்றால் அது யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல. அவர் ஆளும் தரையில் ஒரு சருகு கிடக்காது. மகளோ அதே கல்லூரியில் பூச்சி ஆராய்ச்சிக்காரி. அவர் நெஞ்சு நிமிர்த்தி நடந்ததில் தப்பே இல்லை.

வடக்கு வேலிப் பூச்செடிகளில் அரிசிமணி அளவு அந்துப்பூச்சி ஒன்றை மகள் நான்கு வருடமாகக் கவனித்து வந்தாள். உடம்பைப் போல் மூன்று மடங்கு நீள உணர்கொம்பு மீசை அதற்கு. பூவுக்குள் முட்டையிடும், புழு விதையைத் தின்றுவிட்டுக் கீழே விழும். அந்த வட்டாரத்தில் வேறெங்கும் அந்த இனம் மிச்சமில்லை.

"அப்பா, வேலியடிச் சருகை மட்டும் தொடாதீங்க."

"தொடலம்மா. அதையே எத்தனை வாட்டி சொல்லுவே?"

மேலதிகாரிகள் பார்வையிட வரும் நாள் காலையில் வேலியடிச் சருகின் பழுப்புப் பட்டை அவர் கண்ணை உறுத்தியது. ஊரே வந்து பார்க்க, முகத்தில் கரியா? முப்பது வருடத்தில் அவர் கண்ட புழுவெல்லாம் கூடு கட்ட மண்ணுக்குள் போகிற ஜாதி. மண்ணைக் கிளறாவிட்டால் சரிதானே.

"நான் பாக்காத புழுவா?" என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு, மண்ணில் கீறல் விழாமல் தம் கையாலேயே சருகை அள்ளினார். கொண்டுபோய் எரித்தார். வந்தவர்கள் வடக்குப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மகள் கத்தவில்லை. சாம்பலருகே மண்டியிட்டுக் குச்சியால் கிளறினாள்.

"இது மண்ணுக்குள்ள போகாதுப்பா. சருகை வெட்டி, நூல் விட்டுத் தச்சு, பையாக்கி அதுக்குள்ளயே இருக்கும். வீட்டைச் சுமந்துகிட்டே சருகு தின்னும். கூட்டுப்புழுவாகறதும் அதுக்குள்ளதான்."



பூக்கும் பருவம் வந்தது. வெயில் ஏறும் நேரத்தில் பூச்செடிகளுக்கு மேல் கூட்டமாக ஆடவேண்டிய பூச்சிகள் ஒன்றுகூட இல்லை. பத்து நாள் காலையிலும் போய் நின்றார்.

"என்ன மேஸ்திரி, பூவுக்கும் காவலா?" என்றான் ஒரு தோட்டக்காரன்.

பதினோராம் நாள் மகள் தான் நிரப்பிய படிவத் தாளோடு வந்தாள். ஆராய்ச்சியை மூடச் சொல்லிவிட்டார்கள்.

"காரணம்னு என்ன எழுதியிருக்கே?"

"இடம் சுத்தம் செய்யப்பட்டதுன்னு."

"யார் செஞ்சதுன்னு போடு. என் பேரை எழுது."

"பேர் எழுத இதுல இடம் இல்லப்பா."

அவர் அந்தத் தாளை வாங்கி, வாசிக்கத் தெரிந்த மட்டும் எழுத்துக்கூட்டிப் பார்த்தார். உண்மைதான், இடம் இல்லை.