அத்தையின் முகத்தில் மைப்புள்ளிகள்

பிள்ளைகளா, சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் அத்தை போட்டோவில் மையைத் தெளித்தது யார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். யாரும் தெளிக்கவில்லை.

யுத்தம் நடந்த வருஷங்களில் நாங்கள் பம்பாயில், தாராவியில் இருந்தோம். தோல் கிடங்கில், வெளியூர் போகும் கட்டுகளின் மேல் தூரிகையால் அடையாள எழுத்துப் போடுவது என் வேலை. ஓய்ந்த நேரத்தில் அதே மையில், எதிரே இருப்பவர்களின் முகத்தை வரைந்து பார்ப்பேன். உங்கள் அத்தை, என் அக்கா, சிறு வயதில் அம்மை கண்டு பிழைத்தவள். முகமெல்லாம் தழும்பு. தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது; பெண்ணின் படம் கேட்டார்கள். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்தோம். போட்டோக்காரர் நல்லது செய்வதாக நினைத்துத் தழும்பையெல்லாம் நீக்கி வழவழவென்று கொடுத்துவிட்டார். அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. அக்கா ஒரு தடவைதான் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கா. மாப்பிள்ளை இவளயே கெட்டிக்கிடட்டும். ஏலே, நீ வரைஞ்சு குடு. இருக்கது இருக்கபடி.”

“வந்த சம்பந்தத்தையும் வெரட்டப் போறியாட்டி?” என்று அம்மா அழுதாள்.

“போனா போகட்டும். அங்க போயி நெதமும் மூஞ்சிய மூடிக்கிட்டா திரிய முடியும்?”

ஞாயிற்றுக்கிழமை வாசல் வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்தாள். மையை அழிக்க முடியாது. வைத்த கோடு வைத்ததுதான். ஆடாமல் இரு என்றேன், பொம்மை மாதிரி விறைத்துக்கொண்டாள். தழும்புகளைப் புள்ளி புள்ளியாக வைத்தேன். “என்னலே, எள்ளுருண்டையா வரைஞ்சிருக்க?” என்று சிரித்தாள். வேறு தாள் எடுத்தேன். தூரிகையைத் துணியில் ஒற்றி, மை வற்றும் நேரத்தில் சொரசொரத்த தாளில் இழுத்தேன். மை பிடிக்காமல் விட்ட இடமெல்லாம் தழும்பாக நின்றது. அப்போது உள்ளேயிருந்து அம்மா ஏதோ முனக, பதில் சொல்ல அக்காவின் ஒரு புருவம் எழும்பியது. அதை ஒரே இழுப்பில் பிடித்துவிட்டேன். தாளில் அக்கா வந்துவிட்டாள்.

படம் தபாலில் போயிற்று. பதில் இல்லை. அம்மா போட்டோவை எடுத்து எடுத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். அக்கா அசையவில்லை. மழை தொடங்கிய சமயம், மாப்பிள்ளை தன் அண்ணனோடு நேரிலேயே வந்துவிட்டார். குழாயடியில் அத்தனை பெண்கள் நிற்க, நேரே அக்காவிடம் போய், “படத்துல இருக்கது நீங்கதான?” என்றார்.

“ஆமா. வெளிச்சத்துல நல்லாப் பாத்துக்கிடுங்க. பொறவு பேச்சு வரக் கூடாது.”

அவர் நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டு, அவள் குடத்தைத் தூக்கிவிட்டார். அவர்தான் உங்கள் மாமா.

மைப்படம் அவர்கள் வீட்டில் இருக்கிறது. எங்களுக்கு மிஞ்சியது அந்த வழவழப்பு போட்டோதான். அக்காவை ரயிலேற்றிவிட்டுத் திரும்பிய அன்று, அம்மா பக்கத்து வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் தனியாக மை டப்பாவைத் திறந்தேன். எள்ளுருண்டை ஆனாலும் அக்காவாக இருக்கட்டும் என்று, தூரிகை நுனியால் ஒவ்வொரு தழும்பையும் அதனதன் இடத்தில் வைத்து, காயவிட்டு, ஆணியில் மாட்டினேன்.