வலிக்காத கால்

ஒரு மழைநாளில் ஏலத்தோட்டத்தில் வேலை முடிந்து என் தங்கை செருப்பைக் கழற்றியபோது உள்ளே ரத்தம் தேங்கியிருந்தது. உள்ளங்காலில் ஒரு கண்ணாடிச் சில்லு. காலையிலிருந்து அதோடுதான் சரிவெல்லாம் ஏறி இறங்கிக் காய் பறித்திருக்கிறாள்.

"வலிக்கலையாடி?"

"இல்லக்கா. மழத்தண்ணிதான் நசநசன்னு இருக்குன்னு நெனச்சேன்."

கொஞ்ச காலமாகவே அவள் கால் தடுமாறித்தான் நடந்தாள். சுடுசோற்றுப் பானையை வெறுங்கையால் இறக்குவாள். உடம்பு அசதி என்று விட்டுவிட்டோம். அந்தப் புண் ஆறவே இல்லை. கட்டுப் போட்ட காலோடு வேலைக்கு வந்தவளைக் கங்காணி கூப்பிட்டுப் பார்த்தார். "இது குஷ்டம், பெருவியாதிதேன்!" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அவர் என்ன டாக்டரா?

மறுநாள் விடியலில் போடியில் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தோம். தங்கைக்குப் பக்கத்தில் இருந்தவள் எழுந்து போய் எதிர்ச்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். டிரைவர் என்னிடம் வந்தார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீக. இவுக வந்தா மத்த ஆளுக வர மாட்டோம்ங்கிறாக."

உள்ளே இருந்த அத்தனை பேரும் வருஷக்கணக்காக எங்களோடு ஒரே தூக்குச்சட்டியிலிருந்து சோறு பகிர்ந்து தின்றவர்கள். ஒருத்தியும் அவரைத் தடுக்கவில்லை. தங்கை இறங்கினாள். நானும் இறங்கினேன். ஜீப்பு மலையேறிப் போடிமெட்டுப் பக்கம் போய்விட்டது.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரியில் தோலைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள். பெருவியாதி இல்லை. நரம்பு டாக்டரம்மா ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார். முடிவு வர மாதக்கணக்கானது.

முடிவு வந்ததும் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். நரம்பு செல்லுக்குள் தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் இருக்கின்றன. அவைதான் செல்லுக்கு எலும்புக்கூடு மாதிரி. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்திருக்க ஒரு புரதம் வேண்டும். டிஸ்டோனின் என்று பேர். தங்கையின் உடம்பில் அது சரியாக உண்டாகவில்லை. பிடிமானம் இல்லாமல் நரம்பு உள்ளுக்குள்ளேயே குலைகிறது. நீளமான நரம்பு முதலில் கெடுவதால் பாதம்தான் முதலில் மரத்துப்போகிறது.

"இது யாருக்கும் ஒட்டாது. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்திருக்கு. சொந்தத்துல கல்யாணமா?"

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க தாய்மாமனுக்குத்தேன் என்னயக் கட்டிவச்சாக. என்னயக் கேட்டா செஞ்சாக? இப்ப எம் வயித்தக் கொற சொல்ல வருவாக பாருங்க!"

அப்படியே நடந்தது. கட்டிவைத்த அதே சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து அம்மாவைத்தான் பேசினார்கள். அப்பாவை ஒரு சொல் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் நான் ஜீப்பு நிற்கும் இடத்துக்குப் போய் எல்லோர் முன்னாலும் விஷயத்தைச் சொன்னேன். டிரைவர் முகம் மலர்ந்தது.

"அந்த நோவு இல்லையா? அப்பச் சரிக்கா, நாளைக்கே வரச் சொல்லுங்க."

அதைக் கேட்டதும்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"இருந்திருந்தா? மாத்திர தின்னா தீந்துபோற நோவுக்கு ஒரு பொம்பளைய நடுரோட்டுல எறக்கி விடுவியா? நீங்கள்லாம் பாத்துக்கிட்டு இருப்பீகளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெண்கள் மலையைப் பார்த்தார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அன்றும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

இந்த நோய்க்கு மருந்து இல்லை. சரிவில் ஏறக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால், தங்கை போடியில் ஒரு கடையில் ஏலக்காயை நிறம் பார்த்துத் தரம் பிரிக்கிறாள். சாயங்காலம் பாதத்துக்குக் கீழே முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக் காயம் இருக்கிறதா என்று பார்ப்பாள். ஜீப்பில் எழுந்து தள்ளி உட்கார்ந்தவள் கடைப்பக்கம் வந்தால் தங்கை சிரித்துப் பேசுகிறாள்.

"விடுக்கா, அவுகளுக்கு என்ன தெரியும்?" என்கிறாள்.

தெரியாவிட்டால் கேட்டிருக்கலாமே. நான் அந்தப் பெண்ணோடு பேசுவதில்லை.