அம்மா பங்குக்கு மஞ்சள் கரு

தொண்ணூறுகளில் ஒருநாள் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. பிழைத்துக்கொண்டார். டாக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னார். முட்டையில் வெள்ளையை மட்டும் சாப்பிடலாம், மஞ்சள் கருவைத் தொடவே கூடாது என்றார்.

மறுநாளிலிருந்து காலையில் மூன்று முட்டை வேகும். அப்பா வெள்ளையைத் தின்றுவிட்டு, மஞ்சள் கருக்களை அம்மாவின் தட்டில் உருட்டிவிடுவார். தின்னும் பொருளைக் குப்பையில் போட எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் வராது. இதயத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதைப் பெண்டாட்டிக்குத் தர மட்டும் மனம் வந்தது.

“உனக்கு இன்னா, கல்லுகுண்டு மாதிரி கீற. துன்னு.”

அம்மாவுக்கு மஞ்சள் கரு பிடிக்காது. தொண்டையில் மாவாக அப்பிக்கொள்ளும். தண்ணீர் குடித்து விழுங்குவாள். பௌர்ணமியன்று வீட்டில் முட்டை கிடையாது. அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அப்பாவின் நெஞ்சுக்கு மாத்திரை, உப்புக் குறைத்த குழம்பு, கிரிவலப் பாதையில் காலை நடை. இதற்கிடையில் அம்மாவும் “நெஞ்ச அடைக்குதுங்க” என்று சொல்ல ஆரம்பித்தாள்.

“கேஸுதான். சோடா குடி.”

அதே வலி, அவருக்கு வந்தால் ஹார்ட், அவளுக்கு வந்தால் கேஸ். தெருமுனைப் பெட்டிக்கடையோடு அவள் வைத்தியம் முடிந்தது.

ஒருநாள் காலை முட்டை உரித்துக்கொண்டே சரிந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

“மஞ்சக்கருவாலயா டாக்டர்?” என்று கேட்டேன்.

“முட்டையாலதான்னு சொல்ல முடியாதும்மா. அடைக்குதுன்னு சொன்னப்பவே கூட்டிட்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்.”

அப்பா முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார். சாவுக்கு வந்தவர்களிடமெல்லாம், “முட்டையால இல்லியாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாயிலேயே ஒன்று போடலாமா என்று இருந்தது எனக்கு.

வருஷம் திரும்பியது. படையலில், செத்துப்போனவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைப்பது எங்கள் வழக்கம். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த அத்தை, “அண்ணிக்கு இன்னாண்ணே புடிக்கும்?” என்று கேட்டாள்.

அப்பா யோசிக்கவே இல்லை. “மஞ்சக்கரு. அதுன்னா அவளுக்கு உசுரு. தெனம் துன்னுவா.”

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. “எம்மாம் நெனப்பு பாரு எங்க அண்ணனுக்கு” என்றபடி மூன்று முட்டையை வேகவைத்து உரித்தாள். மஞ்சள் கருக்களை மட்டும் எடுத்து, அம்மாவின் படத்துக்கு முன்னால் விரித்திருந்த இலையில் வைத்தாள்.

கற்பூரம் காட்டினார்கள். அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்த வெள்ளைய எனக்கு எடுத்து வை” என்றார்.