பதினோரு ஜெர்மானியரும் முந்நூற்றுப் பதினெட்டும்

ஹஸ்தபீர் புன் எங்கள் கூர்க்கா பட்டாளத்தில் சமையல்காரர். நான் அங்கே பதிவேடு எழுதும் ரைட்டர். இருவருக்கும் நேபாளத்து மியாக்தியில் ஒரே மலைச்சரிவு. போர் முடிந்து ஊர் திரும்பியபின் அவர் சோளம் விதைத்தார், எருமை வளர்த்தார். யுத்தத்தைப் பற்றி யார் கேட்டாலும் இத்தாலியில் பருப்பு வேகாது என்பார். அதோடு சரி.

பதினைந்து வருடம் கழித்து எங்கள் ரெஜிமெண்டின் வரலாறு புத்தகமாகி எனக்கும் ஒன்று வந்தது. அதில் ஒரு பக்கம் முழுக்க ஹஸ்தபீர்தான். பனி விலகாத காலையில் தனியாளாகக் குன்றின்மேல் பாய்ந்து, ஒரு தோட்டாகூடச் செலவழிக்காமல் பதினோரு ஜெர்மானியரைச் சிறைபிடித்தாராம். ஊர்க்காரர்களுக்கு அதை நம் பாஷையில் படித்துச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் அவர் படத்தை மாட்டி, செவ்வந்தி மாலை போட்டார்கள். மறுநாள் அவர் கடுகடுவென்று என் வீட்டுக்கு வந்தார்.

"ரைட்டரே, அதுல கழுதையக் காணோமே?"

அன்று நடந்ததை அப்போதுதான் சொன்னார். அண்டாக்களும் உப்பு மூட்டையும் ஏற்றியிருந்த கோவேறு கழுதை கயிற்றை அறுத்துக்கொண்டு குன்றில் ஏறிவிட்டது. உப்பு போனால் சுபேதார் தோலை உரிப்பார். இவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பின்னால் ஓடியிருக்கிறார். பனிக்குள் அண்டாக்கள் மோதுகிற சத்தத்தைக் கேட்ட ஜெர்மானியர்கள், டாங்கிப் படையே வருகிறது என்று பயந்து கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அதைப் பார்த்து மிரண்ட கழுதை இன்னும் மேலே ஓடியது. ஹஸ்தபீருக்கு வந்த ஆத்திரத்தில், கையை இறக்கி அதைச் சுற்றி வளையுங்கள் என்று சைகையிலேயே அதட்டினார். பதினோரு பேரும் சேர்ந்துதான் பிடித்துக் கொடுத்தார்கள். எல்லோருமாகக் கீழே இறங்கி வந்தபோது, உப்பு சிந்தியதற்காக இவருக்குத் திட்டு விழுந்தது.

"அது ஓடலேன்னா எனக்கு அங்க என்ன வேலை? எழுதிப் போடுங்க."

எழுதினேன். கழுதையின் எண் என்ன என்று ரெஜிமெண்ட் அலுவலகம் கேட்டது. குளம்பில் சூடு போட்டிருந்த எண்ணை அவர் மறக்கவில்லை: முந்நூற்றுப் பதினெட்டு. அடுத்த பதில் மூன்று மாதம் கழித்து வந்தது. பதிவேட்டின்படி அந்தக் கழுதை, சம்பவத்துக்கு ஒன்பது நாள் முன்பே வயிற்றுவலியில் செத்துவிட்டது. செத்த கழுதையை யாரும் துரத்தியிருக்க முடியாது.

 ஹஸ்தபீர் கேட்டார்: "செத்துப் போச்சுன்னு எழுதுனது யாரு?"

நான்தான். செத்தது முந்நூற்று எண்பத்தொன்று. எண்ணை மாற்றிப் போட்டுவிட்டேன். ஒப்புக்கொண்டதும் எழுந்து போய்விட்டார். இரண்டு வாரம் என் வாசலை மிதிக்கவில்லை. அப்புறம் ஒரு குடுவை கேழ்வரகுச் சாராயத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"அதையும் எழுதிப் போட்டுருங்க."

என் கையெழுத்தைப் பொய் என்று நானே கையெழுத்திட்டு அனுப்பினேன். அதற்குப் பதிலே இல்லை. ஐந்தாம் வருடம் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வந்தது. முந்நூற்றுப் பதினெட்டுக்கு முக்கால் பக்கம், கூடவே ஏதோ ஒரு கழுதையின் புகைப்படம். குன்றைப் பிடித்தது கழுதைதான். கடைசி வரியில், 'சமையல்காரர் ஒருவர் பின்தொடர்ந்தார்' என்றிருந்தது.

தலைமையாசிரியர் புத்தகப்படி நடப்பவர். ஹஸ்தபீரின் படத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கழுதையின் படம் பெரிதாகக் கிடைக்குமா என்று என்னைக் கேட்டார். ஹஸ்தபீரின் மனைவி ஜஸ்மாயா கொதித்துப் போனாள்.

"ஊரே சிரிக்குது. உன் பேரு எங்கய்யா அதுல?"

"பின்னாடி ஒருத்தன் போனான்னு இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? அவன்தான் நான்."

அந்தக் கடைசி வரியை என்னை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எருமைக்குத் தண்ணீர் காட்ட நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.