லோடு பார்க்கும் மருமகள்

பல்லில் சீப்பைக் கடித்துக்கொண்டு மகளுக்குப் பின்னல் போடும்போதும் என் மருமகளின் பார்வை, கண்ணாடியில் சாய்த்து வைத்த போன்மேல்தான் இருக்கும். எங்கள் பார்சல் கம்பெனியின் புக்கிங் ஓடுகிற சர்வரில் எவ்வளவு லோடு என்று அதில் ஒரு கோடு ஏறி இறங்கும். கோடு ஏறினால் குழந்தையின் பின்னல் இறுகும். "அம்மா, வலிக்குது!" என்று அது கத்தினால், அன்றைக்கு வியாபாரம் சூடு என்று தெரிந்துகொள்வேன்.

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். கைவண்டி தள்ளிய கையாலேயே இருபது லாரிக்குச் சாவி வாங்கினேன். அப்படிப்பட்டவனிடம் வந்து, "தனி சர்வர் வேணாம் மாமா, விர்ச்சுவல் போதும்" என்றாள். ஒரே பெரிய மெஷினைத் தடுத்துத் தடுத்துப் பல கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடுவார்களாம். அதில் நமக்கும் ஒரு பங்காம்.

"பங்கு வீட்டுல படுத்தா பக்கத்து ஆளு குறட்டையும் நமக்குத்தாம்மா" என்றேன்.

"அரை லாரி சரக்குக்கு முழு லாரி எதுக்கு மாமா? மிச்ச எடத்துல காத்தையா ஏத்துவீங்க?"

என் தொழிலை எடுத்தே என்னை அடிப்பாள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும்தான். மெஷினிடம் மட்டும் கொஞ்சல். "எந்திரிடா கண்ணா, சண்டித்தனம் பண்ணாத" என்பாள்.

மூன்று வருஷம் அவள் சொன்னபடியே ஓடியது. இந்த வருஷம் சரக்கு பெருகிவிட்டது. காலை நெரிசலில் புக்கிங் திரை அசையாமல் நிற்க ஆரம்பித்தது. எங்கள் பெரிய வாடிக்கைக்காரர், மருந்து மொத்த வியாபாரி, "இன்னொரு தடவ நின்னுச்சுன்னா வேற கம்பெனி பாத்துப்பேன்" என்று சொல்லிவிட்டார். அவர் போனால் நாலு லாரி சும்மா நிற்கும்.

"பங்கையே கொஞ்சம் பெருசா வாங்கிட்டுச் சும்மா இரு. அப்பா வாயில விழாத" என்று என் மகன் அவளுக்கு ஓதியது என் காதிலும் விழுந்தது.

அவள் கேட்கவில்லை. குமாஸ்தாக்கள் எல்லாரும் இருக்கும்போதே என் மேஜைக்கு வந்தாள்.

"மாமா, பங்கு பத்தாது. தனி சர்வர் எடுத்துரலாம்."

"அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

"அன்னிக்கு நீங்க சொன்னது வீம்புக்கு. இன்னிக்கு நான் சொல்றது லோடுக்கு."

ஒரு குமாஸ்தா இருமுவதுபோல் சிரித்தான்.

சர்வரை மாற்றிய பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, மருந்துக்காரர் தாமே வந்து கவுண்டரில் நின்றார். ரசீது மேல் ரசீதாக வந்து விழுந்தது. திரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. "பரவாயில்லையே! இனிமே எங்க சரக்கு இங்கதான்" என்றார்.

"பின்ன? முழு மெஷினும் நமக்கே! என் யோசனை!" என்று மார்தட்டினேன்.

 மருமகள் அவருக்கு ஒரு நாற்காலி போட்டாள். எனக்கும் ஒன்றை இழுத்து வந்து, அவருடையதைவிட அரையடி முன்னால் தள்ளிப் போட்டாள்.