காயம் இல்லாதவள்

தேங்காய் நாரால் உள்ளங்கையைத் தேய்க்கும் சத்தம் அண்ணன் வீட்டுப் பின்வாசலிலிருந்து கேட்டது. மதினி குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாம்பலைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் பெண்களின் கையில் அலுமினியத் தூள் ஒட்டி மினுங்குவது எங்கள் புதுப்பட்டிப் பக்கத்தில் புதிதல்ல. வேலை முடிந்ததும் தேய்த்துக் கழுவுவார்கள். ஆனால் மதினி வேலைக்குப் போய்ப் பல வாரம் ஆகியிருந்தது. கையில் தூள் எதுவும் இல்லை. தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. "இன்னும் போகல, பாரு" என்று என்னிடம் நீட்டினாள்.

விபத்து நடந்த அன்று, அவள் தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரத்தில்தான் கம்பெனியில் அவர்கள் வேலை செய்த அறை வெடித்தது. தினமும் ஒரே வேனில் போய்வந்து, கொண்டுபோன சோற்றைப் பகிர்ந்து தின்ற தோழி உள்ளே இருந்தாள். மதினியின் உடம்பில் ஒரு கீறல் இல்லை. சாமி காப்பாற்றியதாக ஊர் சொன்னது. கம்பெனி ஆள் ஒருவர் வெள்ளைச் சட்டையும் பழப்பையுமாக வந்தார். மதினி தூங்குவதில்லை, அடுப்புப் பற்றவைக்க மாட்டேன் என்கிறாள், குக்கர் விசில் அடித்தால் தெருவுக்கு ஓடிவிடுகிறாள் என்று அண்ணன் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு அவள் கையையும் காலையும், சந்தையில் மாடு பார்ப்பதுபோலப் பார்த்தார். "உடம்புல ஒரு கொப்புளங்கூட இல்லையே. நஷ்டஈட்டுக்கு நான் என்னன்னு எழுத?" என்றார். நாங்கள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனார். அந்த டம்ளரை நான் இரண்டு முறை சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

அடுத்த கொடுமை எங்கள் வீட்டுக்குள்ளேயே காத்திருந்தது. செத்தவள்தான் மதினியைப் பிடித்திருக்கிறாள் என்று என் அம்மா முடிவு செய்தார். அண்ணன் பேயோட்டும் கோடாங்கியைக் கூட்டிவந்தான். உடுக்கை அடித்து, மதினியின் கூந்தலை விரித்துக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, யார் நீ என்று கோடாங்கி கேட்டான். தெருவே வேடிக்கை பார்த்தது. இரண்டு பேர் போனில் படம் எடுத்தார்கள். மதினி தன் பெயரைச் சொல்லச் சொல்ல, அவன் அது பொய் என்று முடியை இழுத்தான். பெற்றவள் சொன்னால் பேய் போய்விடும் என்று, செத்தவளின் அம்மாவை ஆள்விட்டு வரவழைத்தார்கள். மகளைப் பறிகொடுத்த ஈரம் காயாத மனுஷி. அவரை நடுவில் நிறுத்தி, மகளைத் திட்டித் துரத்தச் சொன்னார்கள்.

அந்த அம்மா மதினியின் பக்கத்தில் போய் நின்றார். பிறகு கோடாங்கியிடம் சொன்னார்: "எம் மக உசுரோட இருந்தப்பவே யாருக்கும் ஒரு தொந்தரவு குடுத்தவ இல்ல. செத்த பொறவா இந்தப் புள்ளையப் போட்டு ஆட்டப் போறா? முடிய விடுங்க." அவன் விடவில்லை. அவரே அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். மதினி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். விபத்துக்குப் பிறகு அவள் அழுது அன்றுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்கும் அந்த அம்மாதான் கூட்டிப்போனார். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அண்ணன் வரவில்லை. நான் வேலை பார்க்கும் அச்சாபீசில் லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனேன். மனநல டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். சீட்டுக் கொடுக்கும் ஆள், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், "பைத்தியத்துக்கு அந்தப் பக்கம்" என்று சத்தமாகச் சொன்னார். டாக்டர் வேறெங்கோ முகாமுக்குப் போய்விட்டதாகத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த முறை டாக்டர் இருந்தார், மாத்திரை இல்லை. ஒரு நாள் கூலி போனால் மறுநாள் உலை வைக்கத் தடுமாறும் வீடுகளிலிருந்து வந்தவர்கள், சலித்துப்போய்ப் பஸ் ஏறுவதைப் பார்த்தேன். அந்த அம்மா சலிக்கவில்லை. கடைசியில் மாத்திரை கிடைத்தது. மெல்ல மெல்ல மதினிக்குத் தூக்கம் வந்தது. கையில் தோல் வளர்ந்தது.

கொஞ்சம் தேறியதும் வேலை கேட்டுப் போனாள். "மருந்து சாப்பிடுறவ மருந்துல கை வைக்கக் கூடாது" என்று போர்மேன் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார். தீபாவளி சீசன் வந்தது. லோடு ஏற்ற ஆர்டர் குவிந்தது, ஆள் இல்லை. அதே போர்மேன் வேனோடு வாசலில் வந்து நின்றார். "உங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் சும்மா மனப்பிரமை. ஏறுங்க" என்றார். மதினி ஏறவில்லை. அன்று மாலை அண்ணன் அவளை அடித்தான். மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டிய வீட்டில் மாத்திரையும் தின்றுகொண்டு சும்மாவும் இருப்பாயா என்று கேட்டு அடித்தான். அவள் மாற்றுச் சேலையையும் மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி, அந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். வீட்டிலேயே அட்டைப் பெட்டி ஒட்டுகிறார்கள். மாதம் ஒருமுறை மாத்திரை வாங்கச் சேர்ந்து பஸ் ஏறுகிறார்கள்.

போன மாதம் அண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவளுடைய அம்மா எங்கே என்று கேட்டதற்கு, அண்ணன் முகம் மாறாமல், "மல்லாங்கிணத்துல அவ அக்காவுக்கு மேலுக்குச் சொகமில்ல, தொணைக்குப் போயிருக்கா" என்றான். நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். இவனோடு பிறந்தோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

அண்ணன் மகள் அலங்காரத்தோடு வந்து நின்றாள். யாரும் அவளைப் பேசச் சொல்லவில்லை. "எங்கம்மா இங்கனதான், ரெண்டு தெரு தள்ளி இருக்காக. மனசுக்கு மாத்திரை சாப்பிடுதாக. இப்ப நல்லா இருக்காக" என்றாள்.

அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தான். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "எங் கொழுந்தனும் மாத்திரைதான் சாப்பிடுதாரு. வீட்டுல உள் ரூம்ல இருக்காரு. பெங்களூருல வேலைன்னு உங்ககிட்டச் சொல்லணும்னு வார வழியெல்லாம் பேசிக்கிட்டு வந்தோம்."

அவருடைய கணவர் தொண்டையைச் செருமினார். அண்ணன் கை தானாக இறங்கியது. அண்ணன் மகள் யாரிடமும் கேட்காமல், பட்டுச்சேலையோடு செருப்பை மாட்டிக்கொண்டு, அம்மாவைக் கூட்டிவரத் தெருவில் இறங்கினாள். அவர்கள் வந்து சேரும்வரை அந்த வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.