கண்ணாடியில் தெரியாத பன்னிரண்டாம் வண்டி

கன்வாய் வேலைக்கு, அதாவது வண்டிகளை வரிசையாக நெடுந்தூரம் கூட்டிப்போகிற வேலைக்கு, வருகிற இளைஞர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பாலைவனத்தையும் பனிமலையையும் பற்றித்தான். ஐயா, அங்கெல்லாம் எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஜெர்மனியில் கிளம்பி, ரஷ்யா, சீனா, நேபாளம் வழியாக ஐம்பத்திரண்டு நாள் பன்னிரண்டு வண்டிகளைப் பத்திரமாக ஓட்டிக்கொண்டு வந்தேன். மானம் போனது கடைசி நாளில், அடையாறுக்கும் லஸ்ஸுக்கும் நடுவில். அதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

1. ஒரே ஒரு விதி

நான் முப்பது வருஷம் ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசராக இருந்தவன். பிறகு கன்வாய்க்கு மெக்கானிக், அப்புறம் பொறுப்பாளர். கன்வாயில் முதல் வண்டி லீட் கார். அதில் என் உதவியாளர் செல்வம், நாற்பது வயது, சிந்தாதிரிப்பேட்டைக்காரன். கடைசி வண்டி ஸ்வீப் கார். எவன் வண்டி நின்றாலும் பின்னால் வந்து பார்க்கிற வண்டி அதுதான். அதில் நான்.

என் விதி ஒன்றே ஒன்று. உங்களுக்குப் பின்னால் வருகிற வண்டி உங்கள் கண்ணாடியில் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் ஓரமாக நிறுத்து. அது வந்து சேரும்வரை நகராதே. ஒருவன் நின்றால் அவனுக்கு முன்னால் போகிறவனும் நிற்பான், இப்படியே லீட் கார்வரை செய்தி போய்விடும். போனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

பதினோராம் வண்டி வைத்தியநாதன் சாருடையது. மயிலாப்பூர்க்காரர், ஜெர்மனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்று. சீனாவில் ஒரு மலைக்கணவாயில் என் வண்டிக்கு ஃபேன் பெல்ட் அறுந்து நின்றுவிட்டது. அவர் கண்ணாடியைப் பார்க்காமல் போய்விட்டார். இரண்டு மணி நேரம் குளிரில் நடுங்கினேன். அன்று சாயங்காலம் எல்லோர் முன்னாலும் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டேன். "படிச்சவர்தானே சார் நீங்க? பின்னாடி வர்றவன் செத்தானா பொழைச்சானான்னு பார்க்க மாட்டீங்களா?" என்றேன். அன்றிலிருந்து அவரைப் போல விதியைக் காப்பாற்றிய ஆள் கன்வாயில் கிடையாது.

இந்தப் பயணத்தையே அவர் ஒரு கல்யாணத்துக்காக நாள் கணக்குப் பார்த்துத்தான் பதிவு செய்திருந்தார். கன்வாய் சென்னைக்குள் நுழைகிற அன்று காலையில் மந்தைவெளியில் ஒரு மண்டபத்தில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்க வேண்டியவர் தாய்மாமன். அந்தப் பெண்ணுக்கு மாமன் என்று இருப்பது இவர் ஒருவர்தான். அதற்காகத் தினம் காலையில் ஸ்பேர் வீலைத் தோளில் தூக்கிப் பழகுவார். மற்ற வண்டிகளில் வந்த வெள்ளைக்காரர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"மண்டப வாசல்ல இறங்கிக்கிறேன் மாணிக்கம். அங்கேருந்து கார்ல் ஓட்டிண்டு போயிடுவான்," என்று வாரக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். கார்ல் அவருடைய ஜெர்மன் நண்பர், கூடவே வந்தவர். "ஒன்பது மணிக்கு முன்னால உங்களை மண்டபத்துல விடறது என் பொறுப்பு சார்," என்று நான்தான் பெரிய மனுஷனாட்டம் வாக்குக் கொடுத்தேன்.

2. பேனர்

கடைசி இரவு கிழக்குக் கடற்கரைச் சாலையில் தங்கல். காலை ஏழு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். ஆறரைக்கே தி.நகரிலிருந்து ஸ்பான்சர் ஜவுளிக்கடையின் மேனேஜர் ஆட்களோடு வந்து இறங்கினார். கையில் பன்னிரண்டு ஃப்ளெக்ஸ் பேனர்.

"எல்லா வண்டிக்கும் முன்னாடி கட்டணும் சார்."

"முன்னாடி கட்டினா கிரில் மறையும். ரேடியேட்டருக்குக் காத்துப் போகாது. பக்கவாட்டுல கட்டுங்க."

"பக்கவாட்டுல கட்டினா போட்டோவுல விழாதுல்லா? பேனர் இல்லாம ஒரு வண்டியும் கடை வாசலுக்கு வரப்பிடாதுன்னு அண்ணாச்சி சொல்லிட்டாவ."

அண்ணாச்சி என்றால் கடை முதலாளி. ஐம்பத்திரண்டு நாள் டீசல் போட்டுக் கொடுத்தவர். பயணம் முடிவதே அவர் கடை வாசலில்தான். நான் என்ன சொல்ல? ஒவ்வொரு வண்டியாகப் போய், பேனரை அவிழ்த்து, பானெட்டுக்கு மேலே ஏற்றிக் கட்டவைத்தேன். அவர்கள் கீழே இறக்க, நான் மேலே ஏற்ற, இதிலேயே முக்கால் மணி நேரம் போயிற்று. எரிச்சலில் எனக்குக் காலை காபிகூட இறங்கவில்லை. பதினொரு வண்டியைச் சரிபார்த்தவன், என் வண்டியைப் பார்க்கவில்லை. அவசரத்தில் ஏறி உட்கார்ந்து கிளம்பிவிட்டேன்.

வைத்தி சார் பட்டு வேஷ்டியும் நெற்றியில் விபூதியுமாக ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரர்கள் போன் மேல் போன் போட்டதில், வண்டி ஓட்டும்போது தொந்தரவென்று போனை அணைத்துப் பைக்குள்ளே போட்டுவிட்டார். கார்ல் போனில் இந்திய சிம் இல்லை. வாக்கி-டாக்கிக்கு நம் நாட்டில் அனுமதி வாங்காததால் எல்லாவற்றையும் எல்லையிலேயே பெட்டியில் போட்டு மூடியாயிற்று. மிச்சம் இருந்தது கண்ணாடி மட்டும்தான்.

திருவான்மியூர் தாண்டும்போதே டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. அடையாறில் சிக்னலுக்கு நின்றபோது பானெட்டிலிருந்து புகை. இறங்கிப் பார்த்தால், கிரில்லை முழுசாக மூடிக்கொண்டு பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பேனரைப் பிய்த்துத் தெருவில் எறிந்தேன். என்ன பிரயோஜனம்? ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துத் தண்ணீரெல்லாம் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற வண்டிகள் பச்சை விளக்கில் போய்விட்டன. மணி எட்டு முப்பத்தைந்து.

3. எல்லாரும் நிற்கிறார்கள்

போனால் போகிறது, வைத்தி சார் நேரத்தோடு மண்டபத்துக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டே ஹோஸை மாற்ற ஆரம்பித்தேன். எட்டு ஐம்பத்தைந்துக்குச் செல்வத்திடமிருந்து போன்.

"அண்ணே, எங்க கீற? பின்னாடி வண்டி ஒண்ணுகூட நகர மாட்டேங்குது. நான் லஸ்ல நிக்கிறேன். மத்ததெல்லாம் மந்தைவெளி வரைக்கும் வரிசையா நின்னுகினு கீது."

நான் கண்ணாடியில் தெரியவில்லை. அதனால் பதினொன்று நின்றிருக்கிறது. பதினொன்று தெரியாமல் பத்து நின்றிருக்கிறது. விதி சுத்தமாக வேலை செய்திருக்கிறது. மெட்ரோ ரயில் வேலைக்கு வைத்த தடுப்புகளுக்கு நடுவே ஒரு வண்டி போகிற அகலத்தில், காலை ஒன்பது மணிக்கு.

"செல்வம், ஓடிப்போய் வைத்தி சாரை மண்டபத்துக்குப் போகச் சொல்லுடா."

"எப்டிண்ணே போறது? போலீஸ்காரர் என் லைசென்ச கையில வெச்சிகினு நிக்கிறாரு. அசைஞ்சா உள்ள தூக்கிப் போட்டுடுவேன்றாரு."

வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஒரு ஆட்டோவில் ஏறினேன். ஆற்றுப் பாலம் தாண்டியதும் நகரவில்லை. ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எவனோ பாரின் வண்டிங்கள ரோட்டு மேல நிறுத்திவெச்சிகினு கீறான் சார். இவனுங்களுக்கெல்லாம் எவன் பொறுப்பு?"

கொஞ்ச தூரம் போனதும் காசைக் கையில் திணித்துவிட்டு இறங்கி ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில் அந்த ஓட்டம் வேறு.

ஒன்பது இருபதுக்குப் பதினோராம் வண்டி தெரிந்தது. வாழைமரம் கட்டிய மண்டப வாசலுக்கும் வண்டிக்கும் நடுவில் நாலு வீடுதான். பின்னால் ஹாரன் காதைப் பிளக்கிறது. வைத்தி சார் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டேளா மாணிக்கம். ஆக்சிடென்ட்டோன்னு பயந்துட்டேன். இவ்வளவு தூரம் வேற ஏதோ வண்டியை உங்களதுன்னு நெனச்சுண்டு வந்துட்டேன். உங்க வண்டி தெரியலையே, அதான் நின்னுட்டேன்."

"சார், இறங்கிப் போயிருக்கக் கூடாதா? கார்ல் இருக்காரே!" என்று கத்தினேன். அந்தக் கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியும்.

"நானே பார்த்துண்டு நிக்கணும்னு தோணித்து. மாலை மாத்தறது ஒன்பதரைக்குன்னா. டயம் இருக்கே," என்று சொல்லிக்கொண்டே வேஷ்டியைச் சரிசெய்து இறங்கினார். அவர் கதவைச் சாத்தவும் உள்ளே கெட்டிமேளம் கொட்டவும் சரியாக இருந்தது.

தாலி கட்டியாயிற்று என்றால் மாலை எப்போதோ மாற்றியாயிற்று. கல்யாணம் செய்து வைக்கிற வாத்தியாருக்கு அடுத்த மண்டபத்தில் வேறு கல்யாணம் இருந்ததாம், எல்லாவற்றையும் முன்னால் இழுத்துவிட்டார். மாமாவைக் காணோமே என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து பார்த்துவிட்டு, கடைசியில் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் பெண்ணைத் தூக்கியிருக்கிறார்.

தங்கை வாசலுக்கே வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது. "அம்பத்திரெண்டு நாள் வண்டி ஓட்டிண்டு வந்தவன், நாலு ஆம் தள்ளி வந்து நின்னுண்டிருந்தியாண்ணா?" என்றார். வைத்தி சார் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் முன்னால் போய், தப்பு என்னுடையதுதான் அம்மா என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள் என்னை நன்றாகப் பார்த்தார்.

"நீங்கதான் மாணிக்கமா? உங்களைப் பத்தித்தான் தினம் போன்ல சொல்லுவான். அவர் திட்டினா அதுல ஒரு நியாயம் இருக்கும்பான்." பிறகு, "சாப்ட்டுட்டுப் போங்கோ," என்றார்.

அதற்குப் பதில் அவர் என்னை நாலு வசை வைதிருக்கலாம்.

சாப்பிட உட்கார முடியவில்லை. வெளியே வந்து வண்டிகளைக் கிளப்பிவிட்டு, அடையாறுக்குத் திரும்பி என் வண்டியையும் சரிசெய்து ஓட்டிக்கொண்டு போனேன். தி.நகரில் கடை வாசலில் மேனேஜர், "ஒரு வண்டியில பேனரே இல்லியே?" என்று ஆரம்பித்தார். அவரிடம் நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

இப்போதெல்லாம் கடைசி நாள் காலையில் எல்லோரையும் கூப்பிட்டு, "இன்றோடு விதி முடிந்தது, யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம், அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போங்கள்," என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறேன். மேஸ்திரியாகவோ மேனேஜராகவோ வரப்போகிற பிள்ளைகளுக்கும் இதுதான் நான் சொல்வது. நம் பேச்சைக் கேட்காதவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான். சொன்னதை அப்படியே கேட்கிறானே, அவனைத் திட்டும்போதுதான் வாயை அளந்து திறக்க வேண்டும்.